சான்றிதழ் சுவரில் இருக்கிறது, மருந்தாளுநர் எங்கே?

மருந்துக் கடைகளுக்கு உரிமமும் மருந்தாளுநர்களுக்குப் பதிவும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மருந்துச் சீட்டை வாங்கிப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பதே என் வேலை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கடைக்கு உரிமம் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். யார் பெயரைக் காட்டி அந்த உரிமம் வாங்கப்பட்டதோ, அவர் கடை திறந்திருக்கும் நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

ஆய்வுக்கு வரும்போது நீங்கள் பார்ப்பதெல்லாம் தேவையானதுதான். இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, காலாவதியான சரக்கு தனியாக இருக்கிறதா, கொள்முதல் பில் சரியா, சான்றிதழ் மாட்டியிருக்கிறதா. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ வேறு வேலையில் இருக்கலாம். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. வாடகைக்கு எடுக்கும் முதலாளியைவிட, விடுகிற சக மருந்தாளுநர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ‘தினம் ஒன்று’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகும். அப்புறம் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறைந்துவிடும். பல நாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. படித்த மருந்தாளுநர் அந்தப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுவார். “எந்தக் கிழமை சாப்பிடச் சொன்னார்கள்?” என்று கேட்பார். கிழமையைப் பெரிதாக எழுதி, திருப்பிச் சொல்லச் சொல்வார். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. பெட்டியின் நிறத்தை வைத்து மருந்து எடுக்கிறவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

இதுபோல எத்தனையோ. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருவார்; இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று மூன்று வாங்குவார் ஒருவர்; மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். குழந்தைக்கு 5 மில்லி சிரப் என்று எழுதியிருக்க, வீட்டில் கிடைத்த பெரிய கரண்டியால் அளப்பார்கள். இதையெல்லாம் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பார்க்கிற கடைசி ஆள் மருந்தாளுநர்.

மருத்துவர் வேறு, மருந்து தருபவர் வேறு என்று 13ஆம் நூற்றாண்டிலேயே சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் சட்டம் போட்டார். இருவரும் வியாபாரக் கூட்டு வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சுதந்திரமாகச் சரிபார்க்க அந்தப் பிரிவினைதான் இடம் தருகிறது. பிரிட்டன், கனடா, போர்ச்சுகல் போன்ற நாடுகளில் இன்று மருந்தாளுநரே ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார். அங்கெல்லாம் நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்கள், கூடவே பயிற்சியையும் கொடுத்தார்கள்.

பதிவைப் புதுப்பிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணம் கட்டி ரசீது வாங்கினால் முடிந்தது என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை மாற்றுங்கள். இருபது வருடத்துக்கு முன் படித்தவருக்கு இன்றைய சர்க்கரை நோய் மருந்துகளில் பாதி பாடத்திலேயே இருந்திருக்காது. தொடர் கல்வியைக் கட்டாயமாக்குங்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஒரே மருந்தாளுநர் காலை முதல் இரவு வரை நிற்க முடியாது என்பதும் உண்மைதான். சரி, அப்படியானால் அவர் இல்லாத நேரத்தில் சீட்டுக்குரிய மருந்துகளைக் கொடுக்காமல் மற்றவற்றை மட்டும் விற்கட்டும். ஒதுக்குப்புறமான இடங்களில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருந்து, மருந்தாளுநர் வீடியோவில் சீட்டைப் பார்த்து ஒப்புதல் தரட்டும். பொய்யாக ஒரு பெயரை மாட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். சந்தேகமான சீட்டுக்கு மருந்து தர மறுக்கவும், டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கவும் மருந்தாளுநருக்குள்ள உரிமையை உரிம நிபந்தனையிலேயே எழுதுங்கள். விற்பனை குறைகிறது என்று முதலாளி முறைத்தால் காட்ட அவர் கையில் ஒரு தாள் வேண்டும்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். சீட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பில்லிலும், சரிபார்த்த மருந்தாளுநரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். அந்த எண்ணை யாரும் இணையத்தில் போட்டுப் பார்க்கும் வசதியையும் செய்யுங்கள். ஒரே எண் ஒரே நேரத்தில் இரண்டு கடைகளின் பில்லில் வந்தால், ஆய்வை அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்