பொருள்: பயோரியாக்டருடன் வந்த தவறான அமிலம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் நீங்கள் தமிழிலேயே பேசியதால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் துவாஸில் பழைய சர்க்யூட் போர்டுகளிலிருந்து செம்பு பிரிக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. ஜூன் மாதம் உங்களிடம் 20 லிட்டர் பயோரியாக்டர், அதாவது பாக்டீரியா வளர்க்கும் கலன், வாங்கினோம். செம்பைப் பிரிக்க உதவும், இரும்பை உண்டு வாழும் அசிடிதயோபேசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியாவை வளர்க்கத்தான் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) சரிசெய்ய ஒரு கேன் அமிலமும் சேர்த்து அனுப்பினீர்கள். வினையே அந்தக் கேனில்தான்.

லிட்டருக்கு 9 கிராம் இரும்பு, 30 டிகிரி, பிஎச் 1.8 என்று எல்லாம் முறைப்படி வைத்தோம். இளம்பச்சையாக இருந்த கரைசல் இரண்டாம் நாள் மஞ்சளானது. அடுத்து செம்பழுப்பாக மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. உங்களைக் கூப்பிட்டால், "பாக்டீரியா பழசு, புதுசு வாங்குங்கள்" என்றார்கள். வாங்கினோம். அதுவும் அதே கதிதான்.

அப்புறம் அதே பாக்டீரியாவை ஒரு கண்ணாடிக் குடுவையில், எங்களிடமிருந்த கந்தக அமிலத்தை வைத்து வளர்த்துப் பார்த்தேன். நான்காம் நாள் நல்ல செங்கல் நிறம்! சந்தேகம் வந்து, உங்கள் கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் கலந்து குளோரைடைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் விட்டேன். தயிர்போல் வெள்ளையாகத் திரிந்தது. அது குளோரைடு உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம். லேபிளிலோ வெறும் ‘அமிலம் 10%’ என்றுதான் இருக்கிறது.

இந்த பாக்டீரியாவுக்குக் குளோரைடு ஆகாது. பாக்டீரியா வேலை செய்து பச்சை நிற ஃபெரஸ் இரும்பு செம்பழுப்பு நிற ஃபெரிக்காக மாறும்போது அமிலம் செலவாகும். பிஎச் ஏறும், உங்கள் பம்ப் தானாக அமிலத்தை ஊற்றும். பாக்டீரியா உழைக்க உழைக்க அதன் வாயில் நஞ்சு விழுகிறது. 9 கிராம் இரும்பும் மாறி முடிவதற்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் வரை குளோரைடு சேரக்கூடும். இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் இதில் வேடிக்கை.

சேதம் அதோடு நிற்கவில்லை. கலக்கித் தண்டில் குண்டூசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாகக் குழிகள். ஃபெரிக்கும் குளோரைடும் சேர்ந்தால் எவர்சில்வரையே அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பார்க்க வந்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பணிவாகத்தான் பேசினார், ஆனால் கேனைத் திறந்துகூடப் பார்க்காமல் 180 வெள்ளிக்கு பில் போட்டுவிட்டுப் போனார்.

தண்டை இலவசமாக மாற்றித் தாருங்கள். இரண்டாவது முறை வாங்கிய பாக்டீரியாவின் விலையையும் அந்த 180 வெள்ளியையும் திருப்பித் தாருங்கள். கேனில் எந்த அமிலம் என்று லேபிளில் எழுதுங்கள். எங்களுக்கு இனிக் கந்தக அமிலம் மட்டுமே அனுப்புங்கள்.

மீதி அமிலத்தைக் கேனோடு பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்களே வந்து சோதித்துக்கொள்ளலாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் சொல்வது போதாது.

இப்படிக்கு,
துவாஸ் பட்டறை உரிமையாளர்