எல்லையைத் திறந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

போர் ஓய்ந்த அண்டை நாடுகளிடையே வணிகம் என்றாலே எல்லைக் கதவைத் திறப்பதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் இருபது ஆண்டுப் பகைக்குப் பின் 2018 செப்டம்பரில் எல்லையைத் திறந்தன. தானியமும் சிமென்டும் லாரி லாரியாகப் போயின. பிரிந்திருந்த உறவுகள் கட்டிப்பிடித்து அழுதன. ஆனால் சுங்க வரி எவ்வளவு, எத்தியோப்பியப் பணமான பிர்ருக்கு எரித்திரியப் பணமான நக்ஃபா எத்தனை என்பதற்கு முறையான ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. சில மாதங்களிலேயே கடவுப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வேறு வழியில் போயின. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆறே ஆண்டில், 1951இல், இன்னும் நான்கு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு, ஆயுதம் செய்யத் தேவையான நிலக்கரியையும் எஃகையும் பொது அமைப்பின் கீழ் கொண்டுவர ஒப்பந்தம் போட்டன. தகராறு தீர்க்கத் தனி நீதிமன்றமும் வைத்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் மூன்றாம் நாட்டைச் சுற்றியாவது சரக்கை அனுப்பிவிடும். எல்லை திடீரென மூடினால் அடிபடுவது, அழுகும் காய்கறியை வண்டியில் வைத்துக்கொண்டு நிற்கும் சிறு வியாபாரிதான். சரி, அரசியல் சிக்கல் உடனே தீராது. வரிப் பட்டியலையும் பணமாற்று முறையையும் முறையிடும் இடத்தையுமாவது எழுத்தில் முடிவு செய்துவிட்டு முதல் லாரியை விடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்