அறிவியல் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: ஒரு சாதுவான வைரஸுடன் கழிந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது வட்டத்தின் ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

மாதாந்திரக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை ஜிபி வைரஸ் சி என்ற ஒரே வைரஸுக்குக் கொடுத்தோம் என்பதால் இந்த அறிக்கையும் அதைச் சுற்றியே அமைகிறது.

1990களின் நடுவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. கல்லீரல் அழற்சிக்குக் காரணம் என்று கருதி ஒரு குழு ஹெபடைடிஸ் ஜி என்று பெயரிட்டது. அந்தப் பழி நிற்கவில்லை. இது ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு உறவுதான்; ஆனால் பெருகுவது முக்கியமாக வெள்ளணுக்களில். இன்றைய பெயர் மனிதப் பெகிவைரஸ். ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து சேய் என எச்.ஐ.வி. பரவும் வழிகளிலேயே இதுவும் பரவுவதால், இரண்டும் ஓர் உடலில் சந்திப்பது அரிதல்ல.

2001இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த, அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஆய்வை வாசித்த மாலையை மறக்க முடியாது. எச்.ஐ.வி. தொற்றிய 362 பேரில் 144 பேரிடம் இந்த வைரஸும் இருந்தது. அவர்களில் இறந்தவர்கள் 28.5 சதவீதம், வைரஸ் இல்லாதவர்களில் 56.4 சதவீதம். 2004இல் வந்த மற்றொரு ஆய்வு இன்னும் வியப்பானது: வைரஸை இடையில் இழந்தவர்களின் நிலை, அது ஒருபோதும் இல்லாதவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது.

காரணத்தைத் தேடியபோது கிடைத்த விளக்கம் அழகானது. உயிரணுவுக்குள் நுழைய எச்.ஐ.வி.க்கு, அணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற ஏற்பி (வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதம்) மட்டும் போதாது. சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது ஏற்பியும் வேண்டும். ஆய்வகத்தில், ஜிபி வைரஸ் சி தொற்றிய அணுக்கள் ராண்டெஸ் போன்ற கீமோகைன்களை, அதாவது அணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் சிறு புரதங்களை, கூடுதலாகச் சுரந்தன. அவை சிசிஆர்5இல் போய் அமர்ந்துகொள்கின்றன; அணுவின் மேற்பரப்பில் அந்த ஏற்பியும் குறைகிறது. வந்த விருந்தாளிக்குக் கதவே இல்லாமல் போகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக் களைத்துப்போவதையும் இந்த வைரஸ் தணிப்பதாகத் தெரிகிறது. என் கணிப்பில், வருங்கால ஆய்வுக்கு அதிகம் பயன்படப்போவது இந்தப் பகுதிதான்.

எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. வைரஸ் காக்கிறதா, அல்லது சிடி4 ஏற்பி கொண்ட நோயெதிர்ப்பு அணுக்கள் மிகுந்த உடலில்தான் அது தங்குகிறதா என்ற கேள்வியில் நம் உறுப்பினர்கள் மூன்று கூட்டங்கள் வாதிட்டனர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, நோயின் பிற்பகுதியில் பயன் தெரிகிறது, தொடக்கத்தில் தெரியவில்லை என்றது.

ஒரு தவறையும் பதிவுசெய்ய வேண்டும். முதல் கூட்ட அறிவிப்பில் 'எச்.ஐ.வி.யை வெல்லும் வைரஸ்' என்று எழுதியவன் நான். அதைப் படித்த ஓர் உறுப்பினர், நோயாளிகளுக்கு இதை ஏற்றலாமே என்று நம்பிக்கையோடு கேட்டார். இது சிகிச்சை அல்ல. சில வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துகள் கையில் இருக்க, எவரும் அவற்றை நிறுத்தக் கூடாது. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டேன்.

வரும் ஆண்டில் சிசிஆர்5 ஏற்பியை வாசிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அந்தப் பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்