குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்ல நிபுணர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் நிரபராதிகள் சிறைப்படுவது பற்றிய தங்கள் தலையங்கம் பொய்ச்சாட்சியைப் பேசியது, ஏழ்மையையும் பேசியிருக்கலாம். அலபாமாவின் ஆன்டனி ரே ஹின்டன் ஏறக்குறைய 30 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக இருந்து 2015இல்தான் விடுதலையானார். கொலை வழக்கில் சிக்கிய தோட்டாக்கள் அவருடைய தாயாரின் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று அரசுத் தரப்பு சொன்னதே முக்கிய ஆதாரம். அதை மறுக்க ஒரு நிபுணரை அமர்த்த அரசுப் பணம் 1,000 டாலருக்கு மேல் கிடைக்காது என்று ஹின்டனின் வக்கீல் தவறாக நினைத்துவிட்டார். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவர், நுண்ணோக்கியை இயக்கவே தடுமாறியதாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

ஆய்வகத்தில் பல வருடம் நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்த்தவன் நான். சந்தேகம் வந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. உயிர் போகும் வழக்கில் அதுகூட வேண்டாமா? வசதியில்லாதவர்களின் வழக்கில், தகுதியான தடயவியல் நிபுணர் அரசு செலவில் அமர்த்தப்பட்டாரா என்று விசாரணை தொடங்கும் முன்பே நீதிபதி கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.