புகைக்குச் சேர்க்கும் பணத்தைக் கூரைப் பீலிக்குச் செலவிடுங்கள்: எமது ஒழுங்கையின் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, கொழும்பு 06

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எமது ஒழுங்கையிலுள்ள ஏழு தொடர்மாடிகளும் சேர்ந்து, வீட்டுக்கு மாதம் 1,500 ரூபா வீதம் அறவிட்டு, தனியார் நிறுவனமொன்றின் மூலம் வாரம் ஒரு முறை நுளம்புப் புகை விசிறுவதற்கு எண்ணியிருப்பதையும், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் பெறவிருப்பதையும் அறிவித்தல் பலகையில் படித்தேன். அந்த எண்ணத்தைக் கைவிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

டெங்குவை இலேசாக எண்ணி நான் இதைச் சொல்லவில்லை. நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்டு, 400 பேருக்கு மேல் உயிரிழந்த 2017 ஆம் ஆண்டில், அப்போது எட்டு வயதாயிருந்த என் இளைய மகனும் ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்தான். அவன் குடித்த ஒவ்வொரு மிடறையும் கழித்த சிறுநீரையும் மில்லிலீற்றர் கணக்கில் தாளொன்றில் எழுதிக்கொண்டு கட்டிலருகே விழித்திருந்தேன். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த அன்றுதான், இனிவரும் இரண்டு நாட்களே ஆபத்தானவை என்று தாதி சொன்னார். அந்த இரண்டு நாட்களை இன்றுவரை நான் மறக்கவில்லை. எனவே நுளம்பை ஒழிக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. புகை அதைச் செய்யாது என்பதே என் கவலை.

சென்ற மாதம் பரீட்சார்த்தமாக ஒரு நாள் மாலை புகை விசிறப்பட்டதே, அதை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தின் இரைச்சல் கேட்டதும் எல்லா வீடுகளிலும் யன்னல்கள் அடைபட்டன; கொடியில் காய்ந்த துணிகள் உள்ளே போயின; எதிர்வீட்டு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் ஓடினார். வெண்புகை ஒழுங்கையை மூடி, பத்து நிமிடங்களில் கடற்காற்றில் கலைந்துபோனது. மறுநாள் காலை நான் எமது தொகுதியின் மொட்டைமாடிக்கு ஏறினேன். குழாய் திருத்த வந்தவர்கள் கழற்றி எறிந்த பழைய மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியொன்று, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நான்கு விரற்கடை மழைநீருடன் கிடந்தது. அதில் நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் அத்தனையும் நெளிந்து அடிக்கு இறங்கின. அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.

இதில் வியப்பில்லை. டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கலந்து சூடாக்கி விசிறப்படும் இந்த மருந்து, அந்தச் சில நிமிடங்களில் காற்றில் பறந்துகொண்டிருக்கும் நுளம்பின் மேல் அதன் துளி பட்டால் மாத்திரமே கொல்லும். முட்டையையும் குடம்பியையும் கூட்டுப்புழுவையும் அது தொடுவதில்லை. புகை கலைந்த பின்னர் அதன் வேலையும் முடிந்துவிடுகிறது. டெங்குவைப் பரப்புவதில் முதன்மையான ஈடிஸ் எஜிப்தி நுளம்போ வெளியே பறந்து திரிவதைவிட, கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குப் பின்னாலும் தொங்கும் ஆடைகளுக்கு இடையிலும் இருள் தேடி ஒதுங்கியிருப்பதையே விரும்புகிறது. புகை அங்கே சென்றடைய வேண்டுமானால் கதவு யன்னல்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதே துறைசார்ந்தோர் கூறும் முறை. நாம் செய்வதோ நேர்மாறானது. மூடினால் நுளம்பு தப்பிவிடும். திறந்தால் அதே புகை நமது சமையலறைக்கும் தொட்டிலுக்கும் வந்துசேரும். இந்த இரண்டில் எதை நீங்கள் எங்களுக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். இரவில் காதருகே இரைந்து தூக்கத்தைக் கெடுக்கும் நுளம்பு பெரும்பாலும் வடிகானின் அழுக்குநீரில் பெருகும் கியூலெக்ஸ் இனம். டெங்குவைக் காவுவது, காலையிலும் பொழுது சாயும் முன்னரும் சத்தமில்லாமல் கணுக்காலில் கடிக்கும், கால்களில் வெள்ளைப் பட்டி கொண்ட வேறோர் இனம். அது தேடுவது நாம் சேர்த்து வைத்திருக்கும் தெளிந்த நீரை. புகை விசிறிய இரவில் இரைச்சல் சற்றுக் குறைந்ததாகப் பலர் சொன்னார்கள். அந்த அமைதியை டெங்குவிலிருந்து கிடைத்த பாதுகாப்பென்று எடுத்துக்கொள்வது பெரும் தவறு.

விசிறப்படவிருக்கும் மருந்தின் பெயர் அறிவித்தலில் இல்லை. அது மலத்தியன் என்ற பூச்சிக்கொல்லி என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஆம் ஆண்டில் அதனை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்ற வகைக்குள் சேர்த்தது. பைரத்ராய்டு எனப்படும் மற்றொரு பூச்சிக்கொல்லி வகை என்றால் மனிதருக்கு நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் மூச்சுக்குழாயை அது உறுத்தும். மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கொடிய நஞ்சு. பூனைகளின் உடல் அதை எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாதது. எமது மூன்றாம் மாடியில் தொய்வு நோயுள்ள முதியவர் ஒருவர், சென்ற மாதப் புகைக்குப் பின்னர் இரவு முழுவதும் நெபுலைசரோடு இருந்தார். அவரிடம் யாரும் முன்கூட்டிச் சம்மதம் கேட்கவில்லை. ஒருவர் தன் வீட்டுக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துவது அவருடைய விருப்பம். ஒழுங்கை முழுவதும் வாரந்தோறும் புகை விடுவதைப் பெரும்பான்மை வாக்கினால் மட்டும் தீர்மானித்துவிட முடியாது.

"மலேரியாவை மருந்தடித்துத்தானே ஒழித்தோம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி; ஆனால் அந்த வரலாறு வேறு விதமானது. அது வீட்டின் உட்சுவர்களில் தெளிக்கப்பட்டு மாதக்கணக்கில் நின்ற டி.டி.டி. என்ற மருந்து. வீதியில் விசிறும் புகையன்று. அப்படியிருந்தும் 1963 ஆம் ஆண்டில் வெறும் 17 நோயாளர்கள் என்ற நிலைக்கு இறங்கிய மலேரியா, தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும் அந்தத் தசாப்தம் முடிவதற்குள் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டி.டி.டி.யை எடுத்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தது. மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றதற்கு, ஒவ்வொரு நோயாளரையும் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சையளித்த அலுப்பில்லாத உழைப்பே பெருங்காரணம். பைரத்ராய்டுகளுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றங்கள் எமது நாட்டு ஈடிஸ் நுளம்புகளிலும் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளன. தேவையற்ற நாளில் வாரந்தோறும் விசிறினால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து பயனற்றுப்போகும்.

அத்தகைய தேவை வருவதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நோய் வேகமாகப் பரவும்போதோ பரவத் தொடங்கும்போதோ கையாளும் அவசர நடவடிக்கையாகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டி புகை விசிறலைக் குறிப்பிடுகிறது. ஒழுங்கையில் நோயாளர் ஒருவர் உறுதிசெய்யப்பட்டு, பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து இன்ன வீடுகளைச் சுற்றிப் புகை விசிற வேண்டும் என்று கூறினால், கதவைத் திறந்துவிடும் முதல் ஆளாக நான் இருப்பேன்.

ஆனால் எம்மைக் கடிக்கும் நுளம்பு தொலைவிலிருந்து வருவதில்லை. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு அப்பால் அது பறப்பதில்லை. அது எங்கே பிறக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உரிமையாளர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து திறக்கும் வீடுகள் எமது தொகுதியில் மட்டும் ஆறு. அவற்றின் மலசலகூடக் கிண்ணத்திலும் குளியலறை வடிகுழியிலும் தண்ணீர் தேங்கியபடியே இருக்கிறது. பல்கனியில் பூச்சட்டித் தட்டுகள் மழையை ஏந்திக்கொண்டிருக்கின்றன. கீழ்த்தளத்தில் மின்தூக்கிக் குழிக்குள் நீர் ஊறி நிற்கிறது. இலை அடைத்த கூரைப் பீலி, மூடி உடைந்த தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, காவலாளியின் அறைக்குப் பின்னால் செவ்விளநீர்க் கோம்பைகள், ஒழுங்கையின் முனையில் இரண்டு வருடமாக அரைகுறையாக நிற்கும் கட்டிடத்தின் கொங்கிறீற் தளம்: இவற்றில் எதையும் வீதியில் நடந்துபோகும் புகை இயந்திரம் எட்டிப் பார்க்காது. இன்னும் அஞ்சத்தக்கது, புகை விசிறிவிட்டார்கள் என்ற நிம்மதியில் நாமும் எட்டிப் பார்க்க மாட்டோம்.

முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களாகும். வாரத்தில் ஒரு நாள் தேங்கிய நீரை ஊற்றிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். ஊற்றினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் ஈரமின்றியே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டமும் இந்தப் பொறுப்பை வீட்டில் இருப்பவர் மேலும் உரிமையாளர் மேலும்தான் சுமத்துகிறது.

ஆகவே, சேர்க்கவிருக்கும் பணத்தைச் சேருங்கள். நான் என் பங்கை மறுக்காமல் தருகிறேன். அதைக் கொண்டு முதலில் ஏழு தொகுதிகளின் பீலிகளையும் திருத்தி, தாங்கிகளுக்கு இறுக்கமான மூடியும் காற்றுக்குழாய்களுக்கு வலையும் போட்டு, மின்தூக்கிக் குழிகளின் நீர்க்கசிவை அடையுங்கள். பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களுக்கு எழுதி, வாரம் ஒரு முறை உள்ளே சென்று பார்க்கச் சாவியும் அனுமதியும் பெறுங்கள். மறுப்பவர்களின் விபரத்தைப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கொடுங்கள். அரைகுறைக் கட்டிடத்தைப் பற்றி ஏழு குழுக்களும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு முறையிடுங்கள். தென்மேல் பருவமழை தொடங்குவதற்கு முன்னர் இவ்வளவையும் செய்து முடிக்கலாம்.

அந்தப் பழைய தண்ணீர்த் தொட்டியை அன்றே கவிழ்த்து, தேய்த்து, கீழே கொண்டுவந்துவிட்டேன். மற்ற ஆறு தொகுதிகளின் மொட்டைமாடிச் சாவிகளும் கிடைத்தால், வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கி என் இரு மகன்மாருடன் அவற்றையும் பார்த்து, கண்டதை எழுதி, பொதுக்கூட்டத்துக்கு முன்னர் உங்கள் கையில் தருகிறேன். சாவிகளை எமது தொகுதிக் காவலாளியிடம் கொடுத்துவைத்தால் போதும்.

இங்ஙனம்,
உங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் தாய் ஒருத்தி