ஒரு ராத்திரியாவது அங்கே தங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "காலையில் கார் எடுத்தால் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திருச்சி திரும்பிவிடலாம்ப்பா" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் அம்மாவும் நானும் திருமயம் பக்கம் கடியாபட்டியில், சிதம்பர விலாஸில் இரண்டு ராத்திரி தங்கினோம். நூறு வருஷம் தாண்டிய நகரத்தார் வீடு, இப்போது ஹோட்டல். போய் இறங்கியதும் எல்லாரையும் போல பர்மாத் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்தோம். அவ்வளவுதான் தெரிந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்ட, நாங்கள் நனையாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. வறண்ட சீமை அது. வானத்துத் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே இறக்கிப் பிடிக்கத்தான் அந்த முற்றம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு நட. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். ஆத்தங்குடிக்கே பேரனையும் கூட்டிப் போவோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவார்கள். கல்லுக்குப் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்துதான் வருகிறது.

வாடகை அதிகம்தான், மாப்பிள்ளை யோசிப்பார். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனபோது எனக்கு வயிறு எரிந்தது. பழம்பொருள் கடைகளில் தூணும் நிலைவாசலும் சுவரில் சாய்த்துக் கிடக்கின்றன, இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கிறது. மற்ற நாளெல்லாம் கறையான்தான் குடியிருக்கிறது. விருந்தாளி வந்து தங்கும் வீட்டில் தினமும் கூட்டுகிறார்கள், உடைந்த ஓட்டை மாற்றுகிறார்கள், அடுப்பு எரிகிறது. நீ கொடுக்கும் வாடகை அதற்குத்தான் போகிறது.

கானாடுகாத்தானில் விசாலம் என்று ஒரு வீடு, அதுவும் இப்போது ஹோட்டல். ஒரு தகப்பன் மூத்த மகளுக்காகக் கட்டியது. மகள் விசாலாட்சியின் பெயர்தான் வீட்டுக்கும். அதைக் கேட்டதும் உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. டொராண்டோ போகும்போது உனக்கு இரண்டு பெட்டிதான் கட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டில் ஒரு ராத்திரி உன்னைத் தங்கவைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அந்த ராத்திரிச் செலவு என்னுடையது, மறுக்காதே.

சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் கேட்டு வைக்கிறேன். நிலைப்படியெல்லாம் உயரம், பேரன் ஓடினால் கையைப் பிடித்துக்கொள்.

தேதி முடிவானதும் சொல். மார்கழி, தையில் கூட்டம் இருக்கும், அறையைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா