பிராட் வண்டியின் பின்சீட்டுகள் எங்கிருந்து வந்தன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஜப்பானிய வாகனங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், சுபாருவின் ‘பிராட்’ என்ற சிறிய பிக்கப் வண்டிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது கண்டு மகிழ்ந்தேன். தமிழில் அந்த வண்டியைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஆனால், அதன் திறந்த பின்பகுதியில் பின்னோக்கிப் பொருத்தப்பட்டிருந்த இரண்டு சீட்டுகளை, இளைஞர்களின் உல்லாசப் பயணத்துக்காக வடிவமைப்பாளர்கள் யோசித்துச் செய்த புதுமை என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். விளம்பரங்கள் அப்படித்தான் காட்டின. அந்தச் சீட்டுகள் பிறந்தது அமெரிக்கச் சுங்க வரிப் பட்டியலால். அந்த வண்டியின் மற்ற உறுப்புகள் பிறந்ததோ வடக்கு ஜப்பானின் பனியில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் வடிவம் விளங்கும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வரி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளின் கோழி இறைச்சி மேற்கு ஐரோப்பியச் சந்தைகளில் மலிவு விலையில் வந்து குவிந்தது. உள்ளூரில் கோழி வளர்ப்போரைக் காப்பதற்காக, 1962-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள் இறக்குமதிக் கோழியின் மீதான வரியை உயர்த்தின. பேச்சுவார்த்தைகள் பலிக்காத நிலையில், 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரகச் சரக்கு வாகனங்கள் ஆகிய நான்கின் மீதும் 25 சதவீத வரியை விதித்துப் பதிலடி கொடுத்தார். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஃபோக்ஸ்வேகன் வேன்களும் பிக்கப்புகளும் அதில் அடிபட்டன. மற்றப் பொருள்களின் மீதான வரி பிற்காலத்தில் விலகியது. சரக்கு வாகனங்களின் மீதான வரி மட்டும் இன்றுவரை நீடிக்கிறது. ‘கோழி வரி’ என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. அந்தக் கோழிச் சண்டையில் ஜப்பானுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் வரி எல்லா நாட்டு வண்டிகளுக்கும் பொதுவாக இருந்ததால், பிற்காலத்தில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் ஜப்பானியர்களே.

டாட்சன், டொயோட்டா போன்ற நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தன. அவற்றின் பிக்கப்புகள் தனிச் சேசிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், மேல் கட்டப்பட்டவை. ஓட்டுநர் கேபினும் பின்னால் உள்ள சரக்குப் பெட்டியும் வெவ்வேறு பாகங்கள். ஆகவே கேபினும் சேசிஸும் மட்டும் தனியாகக் கப்பலேறி, முழுமையடையாத வாகனம் என்ற கணக்கில் 4 சதவீத வரியோடு கரையிறங்கும். சரக்குப் பெட்டியை அமெரிக்க மண்ணில் பூட்டிக்கொள்வார்கள். இந்த வழியை அமெரிக்க அரசு 1980-இல்தான் அடைத்தது. பிராட் 1978 மாடலாக அமெரிக்காவுக்கு வந்தபோது அந்த வழி திறந்தேதான் இருந்தது. பிறகு ஏன் சுபாரு அதில் போகவில்லை என்று கேட்டால், வடக்கு ஜப்பானின் பனிக்குத்தான் போக வேண்டும்.

ஹோன்ஷு தீவின் வடபகுதியான தோஹோகுவில் குளிர்காலப் பனி ஆளுயரத்துக்கும் மேல் குவியும் இடங்கள் உண்டு. அங்கே மின்கம்பிகளைப் பராமரிக்கும் தோஹோகு மின் நிறுவனத்தின் பணியாளர்கள், மலையடிவாரங்களுக்குச் செல்ல ஜீப்பையே நம்பியிருந்தார்கள். ஜீப் பனியில் போகும். ஆனால் உட்கார்ந்து போகிறவருக்குக் குளிரும் குலுக்கலும்தான் மிச்சம். வசதியான ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி கிடைக்குமா என்ற அவர்களின் கோரிக்கையை ஏற்று, மியாகி மாகாணத்தில் இருந்த சுபாரு டீலர் நிறுவனமே ஒரு முன்சக்கர இயக்க வேனை எடுத்து, பின்சக்கரங்களுக்கும் விசை போகுமாறு மாற்றிக் கட்டிப் பார்த்தது. சுபாருவின் தாய் நிறுவனமான ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் அந்த முயற்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வண்டியைக் காட்டியது. 1972-இல் சுபாருவின் லியோன் என்ற கார் வரிசையில், கூரை பின்பக்கம் வரை நீளும் எஸ்டேட் வேனின் நான்கு சக்கர இயக்க வடிவம் விற்பனைக்கு வந்தது. ஒரு டீலரின் பட்டறையில் இது கைகூடியதற்குக் காரணம், 1966-இன் சுபாரு 1000 காரிலிருந்தே அந்நிறுவனம் கடைப்பிடித்து வந்த அமைப்பு. சிலிண்டர்கள் இரண்டிரண்டாக இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின் முன்னால், அதற்கு நேர் பின்னால் கியர் பாக்ஸ். அந்தக் கியர் பாக்ஸின் வாலிலிருந்து பின்புறம் வரை ஒரு ஷாஃப்டை நீட்டினால், பாதி வேலை முடிந்தது. ஒரு மின்கம்பி ஊழியரின் குளிர்கால அவதியிலிருந்து இத்தனை பெரிய மாற்றம் தொடங்கியது என்பதை இன்று எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிராட் என்பது இந்த லியோன்தான். எஸ்டேட் காரின் பின்கூரையை நீக்கிவிட்டு, அந்த இடத்தைத் திறந்த சரக்குப் பகுதியாக்கினார்கள். தொடக்கத்தில் எஞ்சின் 1,595 சிசி. பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு மேலேயே ஸ்டெப்னி சக்கரம் படுத்திருப்பதைக் காணலாம். எஞ்சின் அவ்வளவு தாழ்வாக அமர்ந்திருப்பதால்தான் அந்த இடம் கிடைத்தது. அதனால் பின்பகுதியின் ஒரு சாண் தளம்கூடச் சக்கரத்துக்காகப் போகவில்லை. சிறிய வண்டியில் இடத்தை இவ்வளவு சிக்கனமாகக் கையாண்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் காரிலிருந்து பிறந்த வண்டி என்பதால், கேபினும் பின்பகுதியும் ஒரே உலோகக் கூடாக அமைக்கப்பட்டவை. அதில் தனிச் சேசிஸ் கிடையாது. கேபினை மட்டும் கழற்றிக் கப்பலேற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. டாட்சனுக்கும் டொயோட்டாவுக்கும் திறந்திருந்த கதவு, லியோனின் உடலமைப்பாலேயே சுபாருவுக்கு மூடியிருந்தது.

எஞ்சிய வழி, அந்த வண்டி சரக்கு வாகனமே அல்ல, பயணிகள் வாகனம் என்று சுங்கத் துறையை ஏற்கச் செய்வதே. அதற்காகத்தான் சரக்குப் பகுதியில் பிளாஸ்டிக்கில் வார்த்த இரண்டு சீட்டுகள் வந்தன. கேபினின் பின்சுவரை ஒட்டி, முதுகு ஓட்டுநரின் பக்கமும் முகம் சாலையின் பின்பக்கமுமாக அவை அமைந்திருந்தன. இடுப்புப் பட்டையும் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் பயணி பிடித்துக்கொள்வதற்கென்று, பனிச்சறுக்குக் கோலின் பிடியைப் போல நிமிர்ந்து நிற்கும் கைப்பிடிகள் இருந்தன. படங்களில் அந்தக் கைப்பிடிகளைப் பார்க்கும்போதெல்லாம், வரிப் பட்டியலின் ஒரு வரி எப்படிப் பிளாஸ்டிக்காக உருவெடுத்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிகிறது. சீட்டு வந்ததும் 25 சதவீதம் விலகி, கார்களுக்கு உரிய மிகக் குறைந்த வரியே வண்டிக்குப் பொருந்தியது.

உல்லாசத்துக்காகவே அச்சீட்டுகள் செய்யப்பட்டன என்ற கருத்தை மறுக்க, அதே வண்டி மற்ற நாடுகளில் எப்படி விற்றது என்று பார்த்தாலே போதும். ஆஸ்திரேலியாவில் அது ‘பிரம்பி’ என்ற பெயரில் 1990களின் முற்பகுதி வரை விற்பனையானது. அங்கே கோழி வரி இல்லை, பின்சீட்டும் இல்லை. அங்குள்ள விவசாயிகளுக்கு அது நாய்களையும் கருவிகளையும் ஏற்றிச் செல்லும் நேர்த்தியான பண்ணை வண்டி. கடற்கரையும் இளைஞரும் ஆஸ்திரேலியாவில் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஜப்பானிலோ அந்த வண்டி விற்பனைக்கே வரவில்லை. அமெரிக்காவிலும் அதைப் பண்ணை வேலைக்காக வைத்திருந்தோர் உண்டு. பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன் தம் கலிபோர்னியப் பண்ணையில் 1978 மாடல் சிவப்பு பிராட் ஒன்றை வைத்திருந்தது அனைவரும் அறிந்ததே.

இவ்விடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டுகள் ஆபத்தானவை. தலைக்கு மேல் கூரையில்லை, பக்கவாட்டில் கதவில்லை, வண்டி கவிழ்ந்தால் இடுப்புப் பட்டை ஒன்றால் எந்தப் பயனும் இல்லை. பயணியைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத ஒரு வரிவிதி, பயணியை வைக்கவே கூடாத இடத்தில் பயணிக்கு இருக்கை போடுமாறு நல்ல பொறியாளர்களைத் தள்ளியது. 1980களின் நடுவில் அச்சீட்டுகள் கைவிடப்பட்டன. 1987-ஓடு அமெரிக்க விற்பனையும் நின்றது. 2003 மாடலாகச் சுபாரு மீண்டும் ‘பாஹா’ என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தபோது, அதை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலேயே தயாரித்தது. நான்கு சீட்டுகளும் கூரைக்குக் கீழேதான் இருந்தன. இறக்குமதி வரி இல்லையென்றதும் வெளிச்சீட்டுக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

இதே வரி பிற்காலத்தில் தலைகீழான ஒரு காரியத்தையும் செய்ய வைத்தது. ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் தயாரித்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்சீட்டோடு அமெரிக்காவுக்கு இறக்கி, சுங்கம் தாண்டிய பிறகு அந்தச் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுச் சரக்கு வேன்களாக விற்றது. இதனால் அமெரிக்க அரசோடு எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள அந்நிறுவனம் 2024-இல் 36.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பிராடின் சீட்டுகளாவது வாங்கியவரின் வண்டியிலேயே இருந்தன.

இணைப்பில் அடுத்து இத்தகைய வண்டிகளைப் பற்றி எழுதும்போது, பிராடின் படத்துக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலிய பிரம்பியின் படத்தையும், 1972 லியோன் எஸ்டேட் வேனின் படத்தையும் வெளியிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் வாசகர், எந்தப் பகுதி பனியால் வந்தது, எந்தப் பகுதி வரியால் வந்தது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி.